காலை பதினோரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தவள்

அன்புள்ள ராஜம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷனை மழை முடிந்தபிறகு வைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சரி, ஆனால் தை, மாசி என்று தள்ளிக்கொண்டே போகாதே. ஊரில் உள்ளவர்களை எல்லாம் கட்டிலை விட்டு எழுப்பி நடக்கவைத்தவள் நீ. உன் முறை வரும்போது பிசியோதெரபிக்கு டிமிக்கி கொடுப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

இங்கே எல்லோரும் நலம். சுமதிக்கு இங்கிலாந்தில், லீட்ஸில் வேலை பழகிவிட்டது. குளிரைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாயே. ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் நெல்லி ஸ்பிண்ட்லர். சுமதி இருக்கும் அதே லீட்ஸில் நர்ஸ் டிரெயினிங் எடுத்தவள். சுமதிதான் ஒருநாள் பேச்சுவாக்கில் இந்தப் பெயரைச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

1891-இல் பக்கத்து ஊரான வேக்ஃபீல்டில் பிறந்திருக்கிறாள். அப்பா போலீஸ்காரர். முதலில் ஊரிலேயே தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை, அப்புறம் லீட்ஸில் டிரெயினிங். முதல் உலகப் போர் வந்ததும் ராணுவ நர்ஸிங் பணியின் ரிசர்வில் சேர்ந்து லிச்ஃபீல்ட் பக்கம் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். 1917-இல் பிரான்ஸ், அங்கிருந்து பெல்ஜியம். பதவி ஸ்டாஃப் நர்ஸ். நாம் வேலையில் சேர்ந்தபோது இருந்த அதே படிதான்.

அந்தப் போரில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்குமேல் 1940-இல் லண்டனில் குண்டு விழுந்து எரிந்துபோயின. ராணுவ நர்ஸ்களின் கோப்புகள் தப்பிவிட்டன. 15,000 பேருக்கு மேல் லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கிறார்கள். ஆனால் கோப்பில் மனுஷியா இருப்பாள்? விண்ணப்பம், நற்சான்று, எந்தத் தேதியில் எங்கே மாற்றல், அவ்வளவுதான். யூனிட் டைரிகள் நம் ரிப்போர்ட் புக் மாதிரி: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் போனார்கள். நெல்லி எப்படிச் செத்தாள் என்பதை எனக்குச் சொன்னவை இரண்டு கடிதங்கள். இரண்டுமே சிஸ்டர்கள் எழுதியவை. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேசவேண்டும்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் ஈப்ர நகரத்துக்கும் போப்பெரிங்கவுக்கும் இடையே, சாலையோரம் பிராண்ட்ஹூக் என்று ஒரு சின்ன ஊர். 1917 ஜூலை 31-இல் பெரிய தாக்குதல் தொடங்கியது. அதற்காக மூன்று சிகிச்சை நிலையங்களை அங்கே கூடாரம் போட்டு வைத்தார்கள். போர்முனைக்கு அவ்வளவு பக்கத்தில் நர்ஸ்களை வைப்பது வழக்கமில்லை. ஆனால் வயிற்றில் குண்டு பட்டவன் காத்திருக்கமாட்டான் என்பது உனக்குத் தெரியும். ரத்தம் போகும், குடல் ஓட்டையானால் சில மணி நேரத்தில் வயிறு முழுக்கச் சீழ். அதனால் ஆபரேஷன் தியேட்டரையே அவனிடம் கொண்டுபோனார்கள். மருத்துவக் கணக்கில் சரிதான். ஆனால் பக்கத்திலேயே ரயில் பாதையும் வெடிமருந்துக் கிடங்கும் இருந்தன. அவை இருக்கும் இடத்தில் எதிரியின் ஷெல் விழாமல் இருக்குமா? யாரோ ஒருவர் வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். எனக்கு அந்த ஆள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அந்த மூன்றில் 32 என்ற எண் கொண்ட நிலையத்துக்குப் பொறுப்பு கேட் லுவார்ட் என்ற அனுபவசாலி சிஸ்டர். விக்டோரியா கிராஸ் இரண்டு முறை பெற்ற டாக்டர் நோயல் சவாஸ் ஆகஸ்ட் 4-இல் செத்தது இவருடைய நிலையத்தில்தான். சவாஸைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. அடுத்த கூடார வரிசையில், 44-ஆம் நிலையத்தில் இருந்த நெல்லிக்கு ஒன்றிரண்டு பக்கம் கிடைத்தால் பெரிது.

ஆகஸ்ட் 21. ஷெல் அடி காலை பத்து மணி வாக்கில் தொடங்கியதாக லுவார்ட் தன் வீட்டுக்கு எழுதுகிறார். அதுதான் முதல் கடிதம். முதல் இரண்டும் தாண்டிப் போய்விட்டன. மூன்றாவது அவருடைய நிலையத்தின் ஒரு வார்டுக்கும் 44-இன் சிஸ்டர்கள் தங்கும் கூடாரங்களுக்கும் நடுவே விழுந்தது. அவர் ஓடிப்போய்ப் பார்க்கும்போது டாக்டர்கள் செய்வதறியாமல் நிற்கிறார்கள், ஒரு கூடாரத்துக்குள் நர்ஸ் செத்துக்கொண்டிருக்கிறாள். ஷெல் துண்டு முதுகில் நுழைந்து இதயத்துக்குப் பக்கத்தில் முன்பக்கமாக வெளியே வந்திருக்கிறது. படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவள் என்கிறார். சில நிமிஷம் நினைவு இருந்தது, இருபது நிமிஷம் உயிர் இருந்தது.

காலை பத்து, பதினோரு மணிக்குத் தூங்குகிறவள் என்றால் நைட் டியூட்டி முடித்து வந்து படுத்தவள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயடிச் சண்டைக்கும் எழுந்திருக்காத தூக்கம் அது. லுவார்ட் இன்னொன்றும் சொல்கிறார், ஒரே வரியில். அந்தக் கூடாரத்தில் கூட இருந்த சிஸ்டருக்குச் சத்தமும் ராப்பகல் இல்லாத அந்த நிலைமையும் தாங்கவில்லை என்று முந்தின நாள்தான் பின்னால் அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண் பிற்பாடு எப்படித் தூங்கினாளோ.

இரண்டாவது கடிதம் நெல்லியின் அப்பா அம்மாவுக்கு, 44-இன் பொறுப்பு சிஸ்டர் மின்னி வுட் எழுதியது. உங்கள் மகள் அடிபட்ட உடனேயே நினைவிழந்துவிட்டாள், 11.20-க்கு அமைதியாகப் போய்விட்டாள், நான் கூடவே இருந்தேன் என்கிறார். ஆனால் அதே கடிதத்தில், முதல் ஓரிரு நிமிஷத்துக்குப் பிறகு அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்றும் எழுதுகிறார். அப்படியென்றால் அந்த ஓரிரு நிமிஷம் அடையாளம் தெரிந்திருக்கிறது, இல்லையா? லுவார்டும் அதைத்தான் சொல்கிறார். வரலாற்று ஆசிரியர் இதை முரண்பாடு என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். நாம் அப்படிப் போக முடியுமா ராஜம்? “தூக்கத்திலேயே போயிட்டாரும்மா, கஷ்டமே படலை” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்! வுட்டும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் முழுப் பொய்யாகச் சொல்ல மனசு வராமல் அந்த ஒரு வரியை உள்ளே விட்டுவிட்டார். நான் அந்த அம்மாவை மதிப்பது அந்த வரிக்காகத்தான்.

அவருக்கு அன்றைய வேலைக்காக மிலிட்டரி மெடல் கொடுத்தார்கள். காலையிலிருந்து ராத்திரிவரை விட்டுவிட்டு ஷெல் விழுந்துகொண்டிருக்க, பதறாமல் நோயாளிகளையும் சிஸ்டர்களையும் வெளியேற்ற உதவினார் என்பது அதன் காரணம். நெல்லியை லைசென்தூக் கல்லறையில் முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். வயது 26. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே அங்கே கிடக்கிற ஒரே பெண் அவள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே 12 செவிலியர் தினத்துக்கு இங்கே நர்ஸிங் மாணவிகளிடம் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நைட்டிங்கேல் விளக்கைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்காட்டலாம் என்றிருக்கிறேன். இருபது வயசுப் பிள்ளைகளுக்கு இது தேவையா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அடுத்த வருஷம் அவர்களே கேஷுவல்டி வாசலில் நின்று யாரோ ஒரு தாயிடம் சொல்லப்போகிறவர்கள்தானே என்பது என் கட்சி.

நீ கேஷுவல்டியில் என்னைவிட அதிகக் காலம் இருந்தவள். சொந்தக்காரர்களிடம் முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பாய்? உட்காரவைத்துச் சொல்வாயா, நின்றபடியா? எதைச் சொல்லாமல் விடுவாய்? ஃபோனில் சொன்னால் மறந்துவிடுவேன், எழுதியே அனுப்பு. ஏப்ரலுக்குள் வந்தால் போதும்.

அண்ணனுக்கு என் வணக்கம். ஆபரேஷன் தேதி குறித்ததும் சொல், கூட இருக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
சரோஜா