பழ ஈயும் உன் கேள்வியும்

கடலூர்,
மார்கழி 10

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா உன்னையே பார்த்து, “நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டாரா? கல்லூரி விட்டு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்து இலை போட்டவர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாவுக்கு வந்திருக்கும் அல்சைமர் மறதிநோயில் மூளையில் அழற்சி இருக்கும் என்கிறார்களே, கிருமியே இல்லாத மூளையில் அது எப்படி வரும் என்று கேட்டிருக்கிறாய். ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் வாழைப்பழம் போட்டுப் பழ ஈ வளர்த்தோமே, அந்த ஈயிலிருந்துதான் விடை தொடங்குகிறது. டோல் என்ற மரபணு ஈயின் கரு வளர்ச்சிக்கானது என்றுதான் முதலில் அறிந்திருந்தார்கள். அது பழுதான ஈக்கள் பூஞ்சை தாக்கினால் பிழைப்பதில்லை என்று 1996இல் ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு காட்டியது. டோல் உண்டாக்குவது ஓர் ஏற்பி, அதாவது செல்லின் மேல் நின்று வெளியிலிருந்து வரும் செய்தியை உணரும் புரதம். அதே இனத்து ஏற்பி ஒன்று எலிகளில் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை உணர்வதை 1998இல் புரூஸ் பாய்ட்லரின் குழு கண்டறிந்தது. 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

மூளையில் இந்த இனத்து ஏற்பிகளைத் தாங்கி நிற்பவை மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள். வடிவத்தை வைத்துத்தான் ஏற்பி எதையும் இனங்காண்கிறது. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் திரளும்போது டோல் இனத்து 2, 4ஆம் எண் ஏற்பிகள் தூண்டப்படுகின்றன. அது நம் உடம்பே உண்டாக்கியதுதான். செல்லுக்கோ கிருமி நுழைந்ததாகப் படுகிறது. விழுங்கிய திரள் செரிக்காமல் கிடந்தால், என்எல்ஆர்பி3 என்ற உள் உணரி விழித்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற செய்திப் பொருளை வெளியேற்றச் செய்கிறது. இது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நரம்பு செல்களின் இணைப்புகள் நலிந்துபோகின்றன.

அப்படியானால் ஏற்பிகளை எல்லாம் அடைத்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. டிரெம்2 பற்றிப் படித்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். அதுவும் மைக்ரோக்ளியாவின் ஏற்பிதான். அமிலாய்டு திரள்களைச் சூழ்ந்து நெருக்கி வைக்க அது வேண்டும். அதன் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன.

இவ்வளவு எழுதியது, மறதியோடு இருக்கும் என் அக்காவுக்காகவும்தான். ஐப்பசியில் அவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. இரண்டே நாளில் கெடிலம் பாலத்தருகே தனியாக நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைத் தேடி வந்தாளாம். அப்பா போய் இருபது ஆண்டு ஆகிறது. மறதி முற்றிவிட்டது என்று நினைத்து நாங்கள் நான்கு நாளை வீணாக்கினோம். அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. உடம்பில் எங்கு தொற்று வந்தாலும் அதன் அழற்சிச் செய்தி மூளையை எட்டிவிடுகிறது. முன்பே தூண்டப்பட்டிருக்கும் மைக்ரோக்ளியா அளவுமீறிச் சீறுகிறது. மருந்து கொடுத்துப் பத்து நாள் கழித்து என் பெயரைச் சொன்னாள். முழுதும் பழையபடி ஆகவில்லை.

அம்மாவின் நிலை ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் உடனே டாக்டரிடம் கொண்டுபோ. சிறுநீர், நெஞ்சுச் சளி, பல் ஈறு, படுக்கைப்புண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். தங்கையிடமும், பகலில் துணையிருக்கும் அந்த அம்மாளிடமும் இதைச் சொல்லி வை.

பொங்கலுக்கு முன் ஒரு ஞாயிறு முத்தியால்பேட்டைக்கு வருகிறேன். பண்ருட்டி முந்திரி அம்மாவுக்குப் பிடிக்குமே, இப்போது மெல்ல முடிகிறதா? இல்லையென்றால் பொடித்து எடுத்து வருகிறேன்.

உன்,
கோவிந்தன்