மூன்று பேரில் யாருக்கு?

சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

காலையில் நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பாதியில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஓசூரில் நீ சாப்பிட்டாயா இல்லையா என்பதைவிடப் பெரிய விஷயம் அவளுக்கு எதுவும் கிடையாது. எனக்கும் இந்த மாதிரி விஷயத்தை வாயால் சொல்வதைவிட எழுதுவதுதான் வசதி. ஐ.டி.ஐ. வாத்தியாராக முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை.

உன் கம்பெனியில் இந்த வருஷம் பயிற்சி பெறுகிறவர்களில் சிறந்தவர் என்று ஒருவருக்குப் பரிசு, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உன் தலையில். மூன்று பேர் கடைசி வரை வந்திருக்கிறார்கள். ஒருத்தன் பாலிடெக்னிக்கிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவன், மார்க்கில் முதல், ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுவான், உன் மேனேஜருக்குப் பிடிக்கும். இரண்டாவது அந்தத் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண், கம்பெனி ட்ரெய்னி, கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடுகிற சி.என்.சி. மிஷினில் கை வேகம். மூன்றாவது அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு அப்ரண்டீஸாகச் சேர்ந்த பையன், அதிகம் பேசமாட்டான், அவன் செய்த ஜாப், அதாவது செய்துகொடுக்கிற பாகம், குறை சொல்லித் திரும்பி வருவதில்லை. சரிதானே?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ கதை சொன்ன விதத்திலேயே அந்த மூன்றாவது பையன் பக்கம் சாய்ந்துவிட்டாய். என்னிடம் கேட்டது, நான் ஆமாம் போடுவதற்காக. நானும் ஃபிட்டர்தானே, போடாமல் எங்கே போவேன் என்று நினைத்திருப்பாய். ஆனால் வாய் பேசாததாலேயே ஒருத்தன் நல்ல வேலைக்காரன் ஆகிவிடமாட்டான். வேலை தெரியாததால் வாய் திறக்காதவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பேசுகிறவனுக்குக் கை வராது என்று நினைப்பதும் நம் பக்கத்து வறட்டுப் பெருமைதான்.

அதனால் நாளைக்கு ஒரு காரியம் செய். கையில் ஃபைல் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் ஷாப் ஃப்ளோரில் இரண்டு மணி நேரம் சும்மா நில். மார்க் ஷீட்டில் இல்லாத விஷயம் அங்கேதான் தெரியும். மற்ற பிள்ளைகளுக்கு டிராயிங்கில் சந்தேகம் வந்தால் யாரிடம் போகிறார்கள் என்று பார். இன்ஸ்ட்ரக்டரிடம் போவதற்கு முன்னால் ஒருவரிடம் போவார்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் பெயர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அதைவிட முக்கியம், கெட்டுப்போன ஜாப். நல்ல ஜாப்பை எல்லாரும் மேஜைமேல் வைப்பார்கள். கெட்டுப்போனதை என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் ஐ.டி.ஐ.யில் ஸ்கிராப் பெட்டி ஒன்று கதவோரம் இருக்கும். மாதக் கடைசியில் அதைக் கவிழ்த்துக் கொட்டினால் அடியில் பத்துப் பன்னிரண்டு இரும்பு பிளேட் கிடைக்கும், பெயர் பஞ்ச் அடித்த இடம் மட்டும் அரத்தால் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். சிரிப்பு வரும் எனக்கு. அந்த எழுத்தை அழித்த ராவலில் இருந்த சுத்தம் ஜாப்பில் இருந்திருந்தால் பாஸ் ஆகியிருப்பான்கள். ஒரே ஒரு வருஷம் ஒரு பையன், துளையிட்டு முடித்த ஜாப்பை நேராக என் மேஜைக்குக் கொண்டுவந்து, "சார், துளை போடற இடத்துக்கு சென்டர் பஞ்ச்சால புள்ளி அடிக்கும்போதே தள்ளிப் போயிருச்சு, தெரிஞ்சேதான் டிரில் போட்டேன், வேற பிளேட் குடுங்க" என்றான். திட்டினேன், பிளேட்டும் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். நாளைக்கு பிரேக் பாகத்தையோ பாய்லர் வால்வையோ இவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். உன் மூன்று பேரில் யார் அப்படி என்று கண்டுபிடி. பேசுகிறவனாகவே இருந்தாலும் சரி.

அந்தப் பையனுக்கு நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். நீ அப்போது ஆறாவதோ ஏழாவதோ. அவனை ஒரு திறன் போட்டிக்கு அனுப்பினேன். கை என்றால் அப்படி ஒரு கை. புறா வால் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கிற டவ்டெயில் இணைப்பின் ஆண், பெண் பாகங்களை ராவிப் பொருத்தினால், திருப்பிப் போட்டாலும் ஒரே மாதிரி உட்காரும், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் இருக்கிற மெல்லிய தகடுகூட இடையில் நுழையாது. ஆனால் போட்டி என்பது கடிகாரம் வைத்து நடப்பது. முன்னால் நடுவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். நான் அவனுக்கு ராவக் கற்றுக்கொடுத்தேன், நேரத்தைப் பிரித்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பக்கத்தைக் கண்ணாடி மாதிரி முடித்தவன், மறு பக்கத்தைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது. முடிக்காத ஜாப்புக்கு மார்க் எங்கிருந்து வரும்? திரும்பி வந்து ஒரு வாரம் வொர்க்‌ஷாப் பக்கமே வரவில்லை. அப்புறம் நான் வீடு தேடிப் போனேன். பரிசுக்கு ஒருவரை நிறுத்துகிறோம் என்றால் அந்த மேடையில் நிற்கவும் தயார் செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ தேர்ந்தெடுக்கிற பிள்ளையை அடுத்து எங்கேயாவது போட்டிக்கு அனுப்பப்போகிறாய் என்றால் இப்போதிருந்தே கடிகாரம் வைத்துப் பழக்கு.

இன்னொன்று. உன் மூன்று பேரும் ஒரே வரிசையில் நிற்பவர்களே இல்லை. ஒருத்தன் மாணவன், ஒருத்தி ட்ரெய்னி, ஒருத்தன் சட்டப்படி பதிவான அப்ரண்டீஸ். ஆறு மாதம் வந்தவனையும் ஒரு வருஷமாக ஷிஃப்ட் பார்ப்பவனையும் எந்தக் கேஜில் அளப்பாய்? மெல்பர்னில் இருக்கிற உன் பெரியப்பா மகன் ஒருமுறை சொன்னான். ஆஸ்திரேலியாவில் தேசிய அளவில் பயிற்சி விருதுகள் தருகிறார்கள். அதில் அப்ரண்டீஸுக்குத் தனி, ட்ரெய்னிக்குத் தனி, தொழிற்கல்வி மாணவருக்குத் தனி. மாநிலத்தில் ஜெயித்தவர்கள் தேசிய அளவுக்குப் போகிறார்கள். சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கும் ஒரு விருது உண்டாம். அதைக் கேட்டு உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அது வேறு கதை.

மேனேஜர் ஒரு பரிசுக்குத்தான் பணம் இருக்கிறது என்பார். அப்போது வேர்ல்டு ஸ்கில்ஸ் என்கிற உலகத் தொழில்திறன் போட்டியைச் சொல். 2024-இல் பிரான்ஸில் லியோன் நகரத்தில் நடந்ததே, அதில் நம் நாட்டுக்கு 4 வெண்கலம் கிடைத்தது. பேப்பரில் எல்லாம் அதைத்தான் பெரிதாகப் போட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: 12 பேருக்கு 'மெடாலியன் ஆஃப் எக்ஸலன்ஸ்'. மேடையில் மூன்று இடத்துக்குள் வராவிட்டாலும், குறித்து வைத்த தரத்தைத் தொட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பது அது. 700 புள்ளி எடுத்தால் உண்டு, எத்தனை பேர் எடுத்தாலும் உண்டு. பணப்பரிசு ஒருவருக்கே போகட்டும். தரத்தைத் தொட்ட மற்றவர்களுக்கு ஒரு தாள் கொடுக்க என்ன செலவு? ஒரு பிரிண்ட் அவுட்.

அந்தத் தாளில் என்ன எழுதுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'பயிற்சி பெற்றவர்களில் சிறந்தவர்' என்று தங்க எழுத்தில் போட்டு அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. அதை எடுத்துக்கொண்டு அவன் அடுத்த கம்பெனிக்குப் போனால் யாருக்கு என்ன புரியும்? உனக்குத் தெரியும், அப்ரண்டீஸ் சட்டம் 1961-இல் வந்தது. அதன்படி அவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்குக் கிடையாது. போன மாதம் மேடையேற்றி மாலை போட்ட பையனை இந்த மாதம் கேட்டுக்கு வெளியே அனுப்புகிற இடங்கள் உண்டு. அவனிடம் மிஞ்சுவது அந்தத் தாள்தான். அதனால் அதில் வேலையை எழுது. எந்த மிஷினில், என்ன ஜாப், எத்தனை மாதம், அளவில் எவ்வளவு வித்தியாசத்துக்குள் (டாலரன்ஸ்), எதைத் தானாகக் கண்டுபிடித்துச் சரி செய்தான் என்று. நாலு வரி போதும். நாலு வரி எழுத வரவில்லை என்றால் நீ அவனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். போய் இன்னொரு இரண்டு மணி நேரம் நில்.

எங்கள் ஆட்களுக்கு மரியாதை எவ்வளவு தாமதமாக வந்தது என்று யோசித்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் கோபம் வரும். ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கென்று நாடு முழுவதும் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது 2022 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்று. நடுவில் 72 வருஷம்! நான் வேலையில் இருந்தவரைக்கும் சர்டிபிகேட் வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்புவோம், பையன் லுங்கியோடு வந்து ஆபீஸ் ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவான். நான் ரிடையரானது 2016. அந்த 2022 விழாவை டிவியில் பார்த்தபோது உன் அம்மா, "உங்க பசங்களுக்கும் விழா வந்துருச்சு" என்றாள். பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டேன். மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலை நன்றாகத் தெரிகிற நாள் அது.

இப்போது நம் மாநிலத்தில் அரசு ஐ.டி.ஐ.களில் 71-ஐ எடுத்து ரோபோ, சி.என்.சி. எல்லாம் வைத்துத் 'தொழில் 4.0' என்கிற நவீனத் தொழில்நுட்ப மையமாக மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதான். பொறாமைகூட வருகிறது. ஆனால் ரோபோ பிடிக்கிற பாகம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருவருக்கு அரம் பிடித்த கை வேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், நீ கொட்டாவி விடுவாய்.

நம் வீட்டில் இருக்கிற அந்த ட்ரை ஸ்கொயர், மூலை செங்கோணமா என்று பார்க்கிற மூலைமட்டம், அதன் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நான் அப்ரண்டீஸாக இருந்தது 1978-79. அப்போது கஞ்சமலை அடிவாரத்தில் ஸ்டீல் பிளாண்ட் எழும்பிக்கொண்டிருந்தது. 1970-லேயே அடிக்கல் நாட்டியது. சேலத்து ஐ.டி.ஐ. பையன் ஒவ்வொருவனுக்கும் அதன் கேட்டுக்குள் போவதுதான் கனவு. எனக்குக் கிடைத்தது வேறு ஒரு மில். வருஷக் கடைசியில் அங்கே சிறந்த அப்ரண்டீஸ் பரிசு, ஒரு சுவர்க் கடிகாரம். எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன், உன் பாட்டியிடம் சுவரில் ஆணிகூட அடிக்கச் சொல்லிவிட்டேன். கடிகாரம் ஃபோர்மேன் வீட்டு உறவுக்காரப் பையனுக்குப் போனது. அவன் கெட்டவன் இல்லை. வேலையும் சுமாராக வரும். ஆனால் அவன் பரிசுக்கு வைத்த ஜாப்பில் பாதியை நான்தான் ராவிக் கொடுத்தேன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் ஒரு வயசான ஃபிட்டர், நான் அண்ணே என்று கூப்பிடுபவர், என் ஜாப்பை எடுத்து, தன் ட்ரை ஸ்கொயரை அதில் ஒட்டி வைத்து, இடைவெளியில் வெளிச்சம் கசிகிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நாலு பக்கமும் வெளிச்சம் வரல" என்றார். அவ்வளவுதான். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் டப்பாவிலிருந்து அந்த ட்ரை ஸ்கொயரை எடுத்து என் பையில் போட்டுவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்து ரிடையரானார். உன் பாட்டி அடித்த ஆணியில் அதைத்தான் மாட்டினேன். கடிகாரம் வாங்கிய பையனின் ஜாப்பில் என்ன நன்றாக இருந்தது என்று அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனாவது சந்தோஷமாக இருந்திருப்பான் என்று பின்னால் எனக்குத் தோன்றியது. பல வருஷம் கழித்து செவ்வாய்பேட்டையில் பார்த்தேன், கொலுசுப் பட்டறைக்குக் கம்பி இழுக்கிற மிஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். கடிகாரத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

போனில் கடைசியாக நீ ஒன்று கேட்டாய், அம்மா குறுக்கே பேசியதால் நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அந்த ட்ரை ஸ்கொயரை நிகழ்ச்சியில் பரிசாகக் கொடுக்கலாமா என்றாய். முடியாது. எட்டாவது படிக்கும்போது நீ அதை ஜியோமெட்ரி பாக்ஸோடு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போய்த் தொலைத்துவிட்டு, நான் வாட்ச்மேனைக் கெஞ்சி இருட்டில் டார்ச் அடித்துத் தேடி எடுத்துவந்தது மறந்துவிட்டதா? ஓசூரில் டூல்ஸ் கடை இல்லாமலா இருக்கிறது. நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கு. வாங்குவதற்கு முன்னால் தட்டையான பிளேட்டில் வைத்துக் கோடு கிழித்து, திருப்பிப் போட்டு அதே கோட்டின்மேல் வருகிறதா என்று பார்த்து வாங்கு. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

விழா எந்தக் கிழமை என்று எழுது. ஞாயிறாக இல்லாமல் இருந்தால் நான் காலை பஸ் ஏறி வந்துவிட்டு சாயங்காலமே திரும்பிவிடுவேன். பின்வரிசையில் உட்காருகிறேன், யாரிடமும் அப்பா என்று சொல்ல வேண்டாம். அம்மா மாம்பழம் கொடுத்துவிடுவாள், சேலம் குண்டு. உன் இரண்டாவது ஆளாகச் சொன்ன பெண்ணுக்கும் இரண்டு கொடு, அவள் மிஷினை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா