கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் வயதான பூனை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"பூனை நாலு நாளா சாப்பிடலைங்க, வேற ஃப்ளேவர் ஏதாவது குடுங்க" என்று யாராவது வந்தால், முன்பெல்லாம் நாங்களும் சூரை மீன் ஒன்று, கோழி ஒன்று என்று பாக்கெட்டுகளை எடுத்து நீட்டிவிடுவோம். அது எவ்வளவு தப்பு என்பது, எங்கள் கடைப் பூனை சுந்தரிக்கு 13 வயதில் சிறுநீரகக் கோளாறு வந்தபோதுதான் உறைத்தது.

கிண்ணச் சத்தம் கேட்டால் ஓடி வருவாள். முகர்வாள். உதட்டை இரண்டு முறை நக்கி, எச்சிலை விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தண்ணீர்ச் சட்டி ஓரமாகக் குறுகி உட்கார்ந்துவிடுவாள். ருசி பிடிக்கவில்லை என்று நாங்களும் நாலைந்து வகை மாற்றிப் பார்த்தோம். டாக்டர் பார்த்த உடனே குமட்டல் என்றார். அதற்கு மருந்து கொடுத்த மறுநாள், அதே பழைய சாப்பாட்டில் பாதியைத் தின்றாள்.

அதனால் இப்போது நாங்கள் முதலில் கேட்பது, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்றுதான். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். விரதமெல்லாம் நமக்குத்தான். பட்டினி கிடக்கும் பூனையின் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்துவிடும். இருக்கிற நோய் போதாதென்று கல்லீரலும் கெடும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். பல்வலி, வாய்ப்புண் இருந்தாலும் இப்படித்தான் கிண்ணம் வரை வந்துவிட்டுத் திரும்பும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

மருந்து ஆரம்பித்த பிறகு சாப்பாட்டு விஷயம். பூனை மூக்கால் சாப்பிடும் பிராணி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உணவில் வாசனையே இருக்காது. பவுச்சைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டு, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போது தட்டையான தட்டில் ஒரு ஸ்பூன் மட்டும் வையுங்கள். தொடவில்லையா, கால் மணியில் எடுத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இப்படி. உப்பில்லாமல் அவித்த கோழியும் அந்தத் தண்ணீரும் இரண்டொரு நாளைக்குக் கைகொடுக்கும். வெங்காயம், பூண்டு பட்ட குழம்புச் சாறு கூடவே கூடாது. ரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடும். கருவாடு வாசனைக்கு மயங்கத்தான் செய்யும், ஆனால் சிறுநீரகம் கெட்ட பூனைக்கு அவ்வளவு உப்பு ஆகாது.

சிறுநீரக நோய்க்கான தனி உணவைக் குமட்டல் இருக்கும்போதே ஆரம்பிக்காதீர்கள். "இதைத் தின்றால்தான் வயிறு புரட்டுகிறது" என்று பூனை முடிவு கட்டிவிட்டால், பிறகு அந்த வாசனைக்கே ஓடும். வழக்கமான உணவைச் சரியாகச் சாப்பிடத் தொடங்கட்டும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றலாம். சிரிஞ்சால் ஊட்டுவதிலும் இதே வெறுப்பு வரும். அதோடு, புரையேறி நுரையீரலுக்குப் போகும் பயமும் உண்டு. டாக்டர் சொல்லி, செய்து காட்டிய பிறகே அதில் கை வையுங்கள்.

இந்த மாதம் முதல் பவுச்சுகளைப் பெட்டியாக வாங்க வேண்டியதில்லை, ஒன்றொன்றாகத் தருகிறோம். பிரிக்காததைப் பில்லோடு கொண்டுவந்தால் பணம் திருப்பித் தரப்படும். சிறுநீரக உணவுக்கு மட்டும் டாக்டர் சீட்டு வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் குழந்தை எடை பார்க்கும் தராசு ஒன்றும் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை பூனையைக் கூடையோடு கொண்டுவாருங்கள், எடையைக் குறித்துத் தருகிறோம், காசு வேண்டாம்.

அன்புடன்,
கடைக்காரர்களும் சுந்தரியும்