பெயர் சொல்லாமல் உதவிய மெக்கானிக்குக்கு நன்றி

விழுப்புரம் பைபாஸ் அருகே என் பழைய காரின் ஏசியைச் சரிசெய்து தந்த மெக்கானிக் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. காலையில் குளிர்ந்து, எஞ்சின் சூடேறியதும் வெறும் காற்றை வீசிக்கொண்டிருந்த அந்த ஏசிக்குக் கேஸ் நிரப்ப வேண்டும் என்றே பலரும் கூறிவந்த நிலையில், அவர் முதலில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டி, கேஸ் குறையவில்லை என்பதைக் காட்டினார். கேஸை அழுத்தும் கம்ப்ரஸரை எஞ்சின் சுழற்சியோடு இணைக்கும் காந்தக் கிளட்சுக்கு 12 வோல்ட் வந்தும் அது ஒட்டாமல் நிற்பதையும், மரக்குச்சியால் லேசாகத் தள்ளியதும் ‘டக்’கென்று பிடிப்பதையும் காட்டி, தேய்மானத்தால் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி கூடிவிட்டால் சூடான காயிலின் (கம்பிச் சுருளின்) காந்த இழுப்பு போதாது என்று பொறுமையாக விளக்கினார். உள்ளிருந்த மெல்லிய ஷிம் (இடைவெளிக்காக வைக்கும் வளையம்) ஒன்றைக் கழற்றி, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார், வேலை அவ்வளவுதான். புதுக் கம்ப்ரஸருக்கே விலை விசாரித்து வைத்திருந்த என்னிடம் அவர் வாங்கிய கூலி மிகச் சொற்பம். அண்ணா, நடுப்பகல் வெயிலிலும் இப்போது கிளட்ச் விடுவதில்லை.