மேல் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

நீதிமன்றச் செய்திகளை இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் விரிவாகவே தருகின்றன. மகிழ்ச்சி. ஆனால் அச்செய்திகளில் ஊர் மாறிய சொற்கள் வரவரக் கூடுகின்றன. திருகோணமலை மேல் நீதிமன்றம் ஒருநாள் "உயர் நீதிமன்றம்" ஆகிறது. சட்டத்தரணி "வக்கீல்" ஆகிறார். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு "நோட்டரி வக்கீல்" ஆகிறார். தமிழகத் தொலைக்காட்சித் தொடர்கள் கொண்டுவந்து சேர்த்த பழக்கம் இது. தமிழ் ஒன்றுதான், சட்டம் வேறு. சொல் பிழைத்தால் ஆள் போய்த் தட்டும் கதவும் பிழைக்கிறது. அதற்குள் காலக்கெடு கடந்துவிடுகிறது.

முதலில் அந்த "உயர்". தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்தின் ஹைகோர்ட். அதற்கு மேலே டில்லியில் உச்ச நீதிமன்றம். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது கொழும்பு புதுக்கடையில் இருக்கும் நாட்டின் அதியுயர் நீதிமன்றம். இங்கே ஹைகோர்ட்டுக்குப் பெயர் மேல் நீதிமன்றம். இரண்டுக்கும் நடுவில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டு. "உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு" என்ற செய்தியை வாசித்த மூதூர்க்காரர், உள்ளூர் மேல் நீதிமன்ற வாசலில் வந்து நின்றால் அவர்மீது குற்றமில்லை. ஆனால் அந்த மனுவை ஏற்கும் இடம் புதுக்கடை ஒன்றுதான். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரே ஒரு மாதம். மீறல் அரச நிருவாகச் செயலாக இருக்கவும் வேண்டும். அயல்வீட்டுக்காரன் அடித்ததற்கு அந்த மனு இல்லை. மாதம் முடிவதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. விசாரணை நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் கடிதமும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது "வக்கீல்". நம்மிடம் ஒரு காலத்தில் இரண்டு வகையினர் இருந்தார்கள். கட்சிக்காரரைச் சந்தித்து, கடதாசி வேலை பார்த்து, வழக்கைத் தாக்கல் செய்தவர் பிரக்கிராசி. நீதிமன்றத்தில் எழுந்து வாதாடியவர் அப்புக்காத்து. லண்டனில் உள்ள நம்மவர் சொலிசிட்டர், பாரிஸ்டர் என்று சொல்வதும் ஏறக்குறைய இதே பிரிவினைதான். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 ஜனவரி 1 முதல் இரு சாராரையும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. பெயர் ஒன்றானது, வேலை ஒன்றாகவில்லை. குடியியல் வழக்கில் அந்தப் பழைய கோடு இன்றும் அப்படியே கிடக்கிறது. அதைத் தெரியாமல் இருப்பதால்தான் நல்ல வழக்குகள் கெடுகின்றன.

மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்கோ கடன் வழக்கோ போட்டால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவின்படி நீங்கள் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துக் கைச்சாத்திட வேண்டும். புறொக்சி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது வழக்கேட்டில் சேர்ந்த நிமிடத்திலிருந்து அவர் உங்கள் பதிவுசெய்த சட்டத்தரணி. மேன்முறையீடு உட்பட எல்லாம் முடியும்வரை அந்த அதிகாரம் நிற்கும். அறிவித்தல்கள் அவருக்குக் கிடைத்தால் உங்களுக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும். கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து வாதாடும் சிரேஷ்ட சட்டத்தரணி, இவர் அழைத்ததால் வருபவர். வாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வழக்கேட்டில் அவரால் ஒரு விண்ணப்பத்தில்கூடக் கைச்சாத்திட முடியாது.

இது எங்கே வெடிக்கும் என்றால், தீர்ப்புக்குப் பிறகு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள், தீர்ப்பளித்த அதே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை அந்த 14இல் சேரா, சனிக்கிழமை சேரும். மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாட்கள். இங்கே விடுமுறைக் கழிவு எதுவும் கிடையாது, தீர்ப்புத் தேதியிலிருந்து நாட்காட்டியில் எண்ணியபடி 60. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் 60க்கும் ஞாயிறுகளைக் கழித்துக் கணக்குப் பார்ப்பவர் உண்டு. அதைவிடக் கூடுதலாக நடப்பது இது: தோற்ற கோபத்தில் கட்சிக்காரர் பழைய சட்டத்தரணியை விட்டுவிட்டு வேறொருவரிடம் போகிறார். புதியவர் உடனே அறிவித்தலைத் தயாரித்துக் கைச்சாத்திடுகிறார். பழைய புறொக்சி ரத்தாகவில்லை. எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபனையாக அதையே எடுக்கும். மேன்முறையீடு வாசலிலேயே விழும். சட்டத்தரணியை மாற்றுவது உங்கள் உரிமைதான். ஆனால் ரத்துப் பத்திரத்தை நீதிமன்ற அனுமதியுடன் வழக்கேட்டில் சேர்த்து, புதிய புறொக்சியைக் கொடுத்த பிறகே புதியவரின் கைச்சாத்து செல்லும். 14 நாட்களுக்குள் அது முடியாது போலிருந்தால், எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் அறிவித்தலைப் பழையவர் கையாலேயே கொடுப்பித்துவிட்டு அப்புறம் மாறுவது புத்தி. தீர்ப்புக்கு முன்னரே சட்டத்தரணி இறந்தாலோ, தொழிலிலிருந்து நீக்கப்பட்டாலோ, செயற்பட முடியாமற்போனாலோ சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. வேறொருவரை நியமிக்கும்படி உங்களுக்கு அறிவித்து 30 நாட்கள் ஆகும்வரை உங்களுக்கு எதிராக வழக்கு நகராது.

குற்றவியல் வழக்கில் புறொக்சி தேவையில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரை அங்கே எதிரி என்பார்கள். எழுந்து "எதிரிக்காகத் தோன்றுகிறேன்" என்றால் போதும். நீதவான் நீதிமன்றத்தில் பெரும்பாலும் பொலிஸாரே வழக்கை நடத்துகிறார்கள். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் சட்டமா அதிபருடையது, நடத்துபவர் அவருடைய திணைக்களத்தின் அரச சட்டத்தரணி. ஆகவே "அரசு வக்கீல்" என்று பொதுவாக எழுதும்போது யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிவதில்லை. மேல் நீதிமன்றத்தில் ஆள் பிடிக்க வசதியில்லாத எதிரிக்கு நீதிமன்றமே சட்டத்தரணியை நியமிக்கும். குடியியல், பராமரிப்பு வழக்குகளுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஜனாதிபதி சட்டத்தரணி என்பது தொழிலில் கிடைக்கும் ஒரு கௌரவம். அவர் இல்லாமல் எந்த வழக்கும் கெட்டுப்போகாது.

நொத்தாரிசு விடயம்தான் இந்த மாவட்டத்துக்கு மிகப் பெரியது. இந்தியாவில் நோட்டரி என்பவர் சத்தியக் கடதாசியில் முத்திரை குத்துபவர். காணி விற்க, வாங்குபவரும் விற்பவரும் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பத்திரம் பதிகிறார்கள். ஒல்லாந்தர் சொல்லையும் வேலையையும் சேர்த்து விட்டுப்போன நம் நாட்டில், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி உறுதி நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளும் அதே நேரத்தில் கூட இருக்கக் கைச்சாத்திடப்பட வேண்டும். "சாட்சிகள் பின்னேரம் வந்து வைப்பார்கள்" என்பது உறுதியையே ஆட்டம் காணச் செய்யும் வசனம். விற்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது இரு சாட்சிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தரகர் வழியில் பிடித்துவந்த சாட்சிகளை வைத்து எழுதிய உறுதிகள் ஆள்மாறாட்டத்தில் முடிவது இந்த இடத்தில்தான். எல்லாச் சட்டத்தரணியும் நொத்தாரிசு அல்லர். அதற்குத் தனி ஆணைப்பத்திரம் உண்டு, அதில் எந்த மொழியில் எழுதலாம் என்பதும் இருக்கும். சமாதான நீதவான் பிரதிகளை உறுதிப்படுத்தலாம், சத்தியக் கடதாசியில் கைச்சாத்திடலாம். காணி உறுதி அவர் வேலையே இல்லை.

கைச்சாத்திட்டதும் காணி பதிந்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள், முந்திய மாத உறுதிகளின் இரண்டாம் பிரதிகளைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். அது அவரது கடமை, உங்கள் பதிவு அன்று. உங்கள் மூல உறுதியைக் கொடுத்து, அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தில் ஏற்றுவது வேறு வேலை. அது நடக்கும்வரை ஆபத்து உண்டு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, அதே விற்பனையாளரிடம் உங்களுக்குப் பிறகு பணம் கொடுத்து வாங்கியவர் உங்களுக்கு முன்னர் பதிந்துவிட்டால், மோசடியோ கூட்டுச் சதியோ நிரூபித்தாலன்றி அவருக்கே முன்னுரிமை. நிலாவெளிப் பக்கம் காணி விலை ஏறிய பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதிவேட்டைத் தேடத் தேவையில்லை என்று தரப்பினரே எழுதிக் கொடுத்தால் நொத்தாரிசு தேடாமலே உறுதி எழுதலாம். அந்த வரியில் கைச்சாத்திடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

கந்தளாய், சேருவில போன்ற குடியேற்றப் பகுதிகளில், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிற் காணியை "உறுதி எழுதி" வாங்குகிறார்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்துக்கு மாறான அத்தகைய உறுதியை எழுத நொத்தாரிசுக்கே தடை இருக்கிறது. எழுதினாலும் செல்லாது. போக வேண்டிய இடம் பிரதேச செயலகம்.

அற்றோணித் தத்துவம் வைத்திருப்பவரைச் சட்டத்தரணி என்று எண்ணும் குழப்பமும் உண்டு. அவர் உங்கள் பெயரில் செயற்படும் ஆள், அவ்வளவே. கொடுத்தவர் இறந்த நொடியில் அந்தத் தத்துவமும் இறந்துவிடும். கனடாவில் தாய் காலமாகி, இங்கே மகன் அந்தப் பத்திரத்தைக் காட்டி அடுத்த மாதம் எழுதிக் கொடுத்த உறுதியில் ஒரு பிடி மண்ணும் கைமாறாது.

தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. "நாங்கள் தமிழர், எங்களுக்குத் தேசவழமைதானே" என்று திருகோணமலையில் கேட்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு 1806இல் சட்டமான அது வடமாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குரியது. திருகோணமலைத் தமிழருக்கு ரோமன் டச்சுச் சட்டமும் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும்தான். மரணசாசனமின்றி ஒருவர் இறந்தால் வாழ்க்கைத்துணைக்குப் பாதி. ஆனால் ஒரு திருப்பம் உண்டு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, இந்த ஊர்ப் பெண் தேசவழமைக்குட்பட்ட ஆணை மணந்தால், திருமணம் நிலைக்கும் காலம்வரை அவரும் அதற்குட்படுவார். 6ஆம் பிரிவு அவர் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்டது. அந்தச் சம்மதம் இல்லாத பழைய உறுதிகள் இன்று தலைவலி கொடுக்கின்றன. பெண்ணைச் சிறுபிள்ளையாக்கும் பிரிவு என்று அதைச் சாடுவோர் பக்கமே நியாயம் இருக்கிறது. அதற்காக வாங்குபவர் திருமணப் பதிவைக் கேளாமல் விடலாகாது.

கிண்ணியா, மூதூர் வாசகர்களுக்கு: 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, அவ்வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது. மத்தியஸ்த சபையிலும் அப்படியே. அங்கே "வக்கீல் வைத்தேன்" என்று பணம் கொடுத்திருந்தால், எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். வேலை நீக்கத்துக்குத் தொழில் நியாய சபை, ஆறு மாதத்துக்குள்; அங்கே தொழிற்சங்க அலுவலரும் உங்களுக்காகப் பேசலாம்.

கடைசியாக, அடிக்கடி வரும் ஒரு தலைப்பு: "காணி இன்னாருக்கே சொந்தம், நீதவான் தீர்ப்பு." அது பெரும்பாலும் 66ஆம் பிரிவு வழக்கு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், அமைதிக் குலைவு வரக்கூடிய காணிப் பிணக்கில், யார் அப்போது காணியைக் கையில் வைத்து ஆட்சியில் இருந்தார், வழக்குக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். உறுதியின் சொந்தம் தீர்வதில்லை. மாவட்ட நீதிமன்றம் தீர்க்கும்வரை நிற்கும் தற்காலிகக் கட்டளை அது. மேன்முறையீடும் கிடையாது, மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு மட்டுமே. தலைப்பை வாசித்துச் சொந்தம் போய்விட்டதென்று கைவிட்டவர், மாவட்ட நீதிமன்றம் போகாமல் பத்து ஆண்டுகளைக் கடத்தினால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டத்தின்படி எதிராளி ஆட்சியுரிமை கேட்டு நிற்பார். "ஆட்சியைத் தொடர இடைக்காலக் கட்டளை" என்று போடுங்கள். தலைப்பு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உத்தியோகத்தர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.