வரைபடம் போடும் நாளுக்கும் கூலி தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுபவர்கள் கட்டடத்துக்கான வரைபடத்தைப் பொறியாளரிடம் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அதே வீட்டுக்குள் வரும் அலமாரிக்கும் கட்டிலுக்கும் சமையலறைப் பெட்டிகளுக்கும் மட்டும், கைப்பேசியில் காட்டிய ஒரு படமும் டேப் பிடித்து எடுத்த இரண்டு மூன்று அளவுகளும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். இந்த வழக்கத்தால் பணமும் பலகையும் எப்படி வீணாகின்றன என்பதை என் வீட்டு அனுபவத்தைக் கொண்டே சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் படுக்கையறைக்கு ஓர் அலமாரி செய்யச் சொன்னோம். அறையின் உயரம் 9 அடி. அலமாரி 8 அடி 10 அங்குல உயரமும் 2 அடி ஆழமும் இருக்கட்டும் என்று பேசி முடித்தோம். மேலே 2 அங்குல இடைவெளி இருக்கிறதே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். திருகு முடுக்க வசதியாக இருக்கும் என்பதால் தச்சர் அதைத் தரையில் படுக்கவைத்தே நான்கு நாட்கள் வேலை செய்தார். ஐந்தாம் நாள் நான்கு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்த முயன்றபோது, முக்கால்வாசி நிமிர்ந்த அலமாரியின் முன்பக்க மேல்மூலை கூரையில் முட்டி நின்றுவிட்டது. படுத்திருக்கும் பெட்டி நிமிரும்போது கூரைக்கு அடியில் சுழன்று வர வேண்டியது அதன் மூலைவிட்டம். எங்கள் அலமாரியின் மூலைவிட்டம் 9 அடியைவிட முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அளவே கூடுதலாக இருந்தது. அதற்காகப் பக்கப் பலகைகளின் அடிப்பகுதியை ஓர் அங்குலம் அறுக்க நேர்ந்தது. ஒட்டியிருந்த மைக்கா விளிம்பெல்லாம் சிதறியது.

அந்தத் தச்சர் கைத்திறன் மிக்கவர். அவரை நான் குறை சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கிராஃப் தாளில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும் வரைந்து, ஓர் அடி ஸ்கேலைக் குறுக்கே வைத்திருந்தால், தாளில் அறையின் உயரம் 27.4 சென்டிமீட்டர் என்றும் மூலைவிட்டம் 27.6 சென்டிமீட்டர் என்றும் கண்ணிலேயே பட்டிருக்கும். அடிப்பீடத்தை 4 அங்குல உயரத்தில் தனியாகச் செய்துகொண்டு, அந்த அளவுக்கு உயரம் குறைத்துச் செய்த பெட்டியை நிமிர்த்திய பிறகு அதன்மேல் தூக்கி வைத்திருக்கலாம். செய்து முடித்த பிறகு ஒரு பலகையையும் அறுக்க வேண்டியிருந்திருக்காது.

பலகையின் கனத்திலும் இதே சிக்கல் உண்டு. நம் பட்டறைகளில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். முக்கால் அங்குலம் என்றால் ஆறு நூல், அதாவது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் முக்கால் அங்குலப் பிளைவுட் என்று சொல்லிக் கடையில் வாங்குவது பெரும்பாலும் 18 மில்லிமீட்டர்தான்; அதன் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் மைக்கா ஒட்டினால் 20 ஆகிவிடும். அருகருகே மூன்று டிராயர் வைக்கும் பெட்டியில் நான்கு நிமிர்பலகைகள் வரும். வாய்க்கணக்கில் விட்டுப்போகும் அந்த ஓரிரு மில்லிமீட்டர்கள் நான்கு மடங்காகி, டிராயர் ஓடும் சேனலில் போய் இடிக்கும். பக்கத்துக்கு அரை அங்குலம் மட்டுமே இடம் கேட்கும் சேனல் அந்தப் பிழையைப் பொறுக்காது. ரம்பம் தின்னும் மரத்தையும் நாம் கணக்கில் வைப்பதில்லை. எட்டடிக்கு நான்கடி பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் முழு ஓர் அடி அகலத்தில் நான்கு பட்டைகள் கிடைக்காது. ஒவ்வோர் அறுப்புக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும். அறுக்க வேண்டிய துண்டுகளின் பட்டியலையும், அவை ஷீட்டில் எப்படி அமையும் என்ற படத்தையும் முன்பே போட்டவர்களுக்கே எத்தனை ஷீட் வாங்க வேண்டும் என்பது சரியாகத் தெரியும்.

அனுபவமுள்ள தச்சருக்கு எல்லாம் மனதிலேயே இருக்கும் என்பார்கள். ஒரே அளவில் நூறு முக்காலி செய்தவருக்கு அது உண்மைதான். கதவு, ஜன்னல் செய்து பிழைத்த என் தந்தை அந்த வேலையில் நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவர். அவர்கூடப் புது மாதிரி என்றால் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் சட்டத்தைக் கிடத்தி, சட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கழுந்துக்கும் துளைக்கும் குறி வைத்த பிறகே உளியைத் தொடுவார். வேலை கொடுத்தவரையும் அழைத்து வந்து அந்தக் கோட்டருகே நிற்கவைத்து, இந்த உயரம் போதுமா என்று கேட்பார். மனதில் இருக்கும் படத்தை அப்படி இன்னொருவருக்குக் காட்டிக் கேட்க முடியாது.

வரைபடம் போடாததற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது தச்சர்களுக்கு இழைக்கும் அநீதி. நாம் அறுப்புக்கும் இழைப்புக்கும் கூலி தருகிறோம். உட்கார்ந்து கணக்குப் போடும் நாளை வேலை நடக்காத நாள் என்று கழித்துவிடுகிறோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் ஒப்பந்தத்திலும் அந்த நாளுக்கு இடமில்லை. ஆகவே மரவேலை கொடுப்பவர்கள் வரைபடத்துக்கென ஒரு நாள் கூலியைத் தனியாகத் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேலிருந்து பார்க்கும் தோற்றம், துண்டுப் பட்டியல் ஆகியவற்றில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே பலகைக்கு முன்பணம் கொடுப்பது நல்லது. தொழிற்பயிற்சி நிலையங்களும், செய்து முடித்த பொருளைப் பார்ப்பதோடு நில்லாமல், மாணவர் தாமே போட்ட துண்டுப் பட்டியலையும் மதிப்பிட வேண்டும்.

இவ்வாண்டு சமையலறை வேலைக்கு அதே தச்சரையே அழைத்து, முதல் நாள் கூலியை வரைபடத்துக்கென்றே கொடுத்தேன். மேலிருந்து பார்க்கும் தோற்றத்தை வரைந்துகொண்டிருந்தபோது, ‘ட’ வடிவ மேடையின் மூலையில் ஒரு டிராயரை இழுத்தால் அடுத்த பக்கத்து டிராயரின் கைப்பிடியில் அது இடிக்கும் என்பதை அவரே கண்டுபிடித்தார். மூலையில் இருபுறமும் 3 அங்குலப் பட்டை சேர்த்து அதைத் தாளிலேயே சரிசெய்துவிட்டார். பலகை அப்போது கடையிலிருந்து வந்திருக்கவே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.