எதிர்வீட்டுப் போ போவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

பாப்பா நேற்று ராத்திரி ஒருமுறைகூட எழுந்து இருமவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பாதிப்பேர் தினமும் காலையில் அதைத்தான் கேட்கிறீர்கள். தொற்று வந்து, மூச்சு இழுத்து, பாப்பா மருத்துவமனையில் கிடந்தது, நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. பிள்ளை வீட்டில் இருக்கிறாள், மூச்சு சீராக வருகிறது, இன்று காலை அவளாகவே இட்லி கேட்டாள்.

கேகே மருத்துவமனை டாக்டர்களுக்கும் தாதியருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பிள்ளையைத் திருப்பித் தந்தவர்கள் அவர்கள். மூத்தவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த ஏழாம் மாடி அக்கா, தேக்காவில் காய்கறி வாங்கி எங்கள் வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போன அலுவலகத் தோழிகள், நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்த கொழுந்தனார், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், தொழுகையில் பாப்பாவுக்காகத் துவா கேட்ட பக்கத்துவீட்டு மலாய்க் குடும்பம், ஊரிலிருந்து போனிலேயே எனக்குத் தெம்பு கொடுத்த அம்மா. தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. ஒருவரையும் நான் மறக்கமாட்டேன்.

இருந்தாலும் இன்று நான் எழுத உட்கார்ந்தது முக்கியமாக எங்கள் எதிர்வீட்டுப் போ போவுக்காக. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்டனீஸ் பேசும் சீனர், எழுபதைத் தாண்டியவர், இந்த புளோக்கில் எங்களுக்கு ரொம்ப முன்னாலேயே குடிவந்தவர். அவர் பேத்தி கூப்பிடுவதைக் கேட்டு என் பிள்ளைகளும் போ போ, அதாவது பாட்டி, என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். ஆங்கிலம் அதிகம் வராது. என் மாமியாரும் அவரும் பாசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், பேசிக்கொள்வார்கள். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் வளர்ந்த இருவருக்கும் அது தண்ணீர்பட்ட பாடு. எனக்குப் பாதி புரியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் விடவில்லை. இந்த மாதிரித் தொற்றுக்குப் பிறகு சில வாரங்கள் இழுக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சொன்னால் மட்டும் அம்மா மனசு கேட்குமா? போ போ கதவைத் தட்டியபோது அவர் கையில் ஒன்றும் இல்லை, கேள்விகள்தான் இருந்தன. சளி வருகிறதா, என்ன நிறம், தண்ணியாக இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா, இருமல் பகலிலா ராத்திரியிலா, வயிறு சரியாகப் போகிறதா? பாப்பாவை நாக்கை நீட்டச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

சீனர்கள் இருமலுக்குப் பேரிக்காய் கொடுப்பார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும், அதையே கேட்டேன். போ போ வேகமாகத் தலையாட்டி மறுத்தார். சளி வெள்ளையாக, தண்ணியாக வருகிறது, இது குளிர்ச்சியால் வந்த இருமல், பேரிக்காய் இன்னும் குளிர்ச்சி, இப்போது கூடாது என்றார். மாமியார் சட்டென்று ஆமாம் போட்டார். சூடு, குளிர்ச்சி பார்த்துச் சாப்பாடு போடுவதில் அவர்கள் இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அந்த வாரம் இரண்டு துண்டு இஞ்சியும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் வந்தது. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் சின்ஹுயி என்ற ஊர் இந்தத் தோலுக்குப் பேர்போனது. பழசாகப் பழசாக விலை ஏறும். போ போ தன் பாட்டிலில் பல வருடமாக வைத்திருந்ததிலிருந்து எடுத்துப் போட்டார்.

அப்புறம் சளி நின்று வறட்டு இருமலாக மாறியது. ராத்திரி தொண்டை காய்ந்து எழுந்து அழுவாள். தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுவாள். மாமியார் போய்ச் சொன்னதும் போ போ, இப்போது பேரிக்காய் என்றார்.

கண்டனீஸ் சமையலறையில் மூடிபோட்ட பீங்கான் சாடி ஒன்று கட்டாயம் இருக்கும். சாடிக்குள் பொருளைப் போட்டு மூடி, அந்தச் சாடியைத் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் இறக்கி, சின்னத் தீயில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். நெருப்பு நேரே படாததால் சாறு வற்றாது. கோழி சூப், பன்றி எலும்பு சூப் எல்லாம் அதில்தான். நாங்கள் சைவம். மாமியாருக்கு முட்டைகூட ஆகாது. போ போவிடம் இதை நாங்கள் யாரும் எடுத்துச் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது, அன்போடு கொடுப்பவரிடம் பாத்திரத்தைப் பற்றிக் கேட்பதா என்று அன்று மத்தியானம் முழுக்க நானும் மாமியாரும் சமையலறையில் குசுகுசுத்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் போ போ வந்தார். பேரிக்காய் வரவில்லை, காலிச் சாடிதான் வந்தது. என் கையளவே இருக்கும் வெள்ளைச் சாடி, மூடியில் நீலத்தில் சின்னதாக ஒரு பூ. அதைத் தலைகீழாகத் திருப்பி மாமியாரின் கண்ணுக்கு நேரே நீட்டினார். அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. “புதுசு. இதில் இறைச்சி பட்டதில்லை. இனிமேலும் படாது. பாப்பாவுக்கு மட்டும்” என்றார் மலாயில். சாடியை இறக்கும் பாத்திரமும் புதிது, கரண்டியும் புதிது. காண்பித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

இத்தனை வருடமாக எங்கள் வீட்டை அவர் கவனித்திருக்கிறார். சீனப் புத்தாண்டுக்கு எங்களுக்கு மட்டும் மாண்டரின் ஆரஞ்சும் நிலக்கடலை உருண்டையும் வரும், இறைச்சி சேர்ந்த எதுவும் வராது. அதைத் தற்செயல் என்றே நினைத்திருந்தோம். மாமியார் அன்று ராத்திரி சாப்பிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சாடி வரும். பேரிக்காயின் தலையை மூடி மாதிரி வெட்டி, உள்ளே விதையைக் குடைந்து எடுத்து, கற்கண்டு போட்டு, வெட்டிய தலையையே மேலே வைத்து மூடியிருப்பார். சில நாள் ஊறவைத்த வெள்ளைக் காளானும் சேரும். இளஞ்சூட்டில் அடியில் தேங்கியிருக்கும் அந்தச் சாற்றைப் பாப்பா கரண்டி கரண்டியாகக் குடித்தாள். தண்ணீரைத் தட்டிவிட்ட பிள்ளை! குழைந்த பேரிக்காயை அண்ணனுக்குத் தரமாட்டேன் என்று சண்டை வேறு.

வழக்கமாக இதில் சுவான் பெய் தூளும் போடுவார்களாம். சிச்சுவான் பக்கத்து மலைகளில் விளையும் சின்னஞ்சிறு வெள்ளைக் கிழங்கு அது. நல்ல விலை. போ போ பாட்டிலை எடுத்தார், உடனே போடவில்லை. “டாக்டர் மருந்து ஓடுது. கேட்டுட்டு வா” என்றார். கேட்டேன். பேரிக்காயும் கற்கண்டும் தாராளமாகக் கொடுங்கள், மருந்து முடியும்வரை மூலிகை வேண்டாம் என்றார் டாக்டர். போ போ முகம் சுளிக்காமல் பாட்டிலை மூடிவைத்தார். கசப்பு ஆப்ரிகாட் விதை சின்னப் பிள்ளைக்கு ஆகாது, அதில் விஷம் உண்டு என்று அதை அவராகவே ஒதுக்கியிருந்தார். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது என்பதையும் அவர் வாயால்தான் முதலில் கேட்டேன், பிறகு டாக்டரும் அதையே சொன்னார்.

பேரிக்காய்தான் குணமாக்கியது என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவமனை இல்லையென்றால் என் பிள்ளை இல்லை. உங்கள் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால், விலா உள்ளே போய் வந்தால், தயவுசெய்து எந்தச் சாற்றையும் நம்பிக் காத்திருக்காமல் ஓடுங்கள். ஆனால் ஆபத்து நீங்கிய பிறகு வரும் அந்த நீண்ட நாட்கள் இருக்கின்றனவே, மருந்து சீட்டில் ஒன்றும் மிச்சமில்லாமல் பொறுத்திருங்கள் என்று மட்டும் சொல்லப்படும் நாட்கள், அவற்றைத் தாண்ட எங்களுக்குக் கைகொடுத்தது அந்தச் சாடிதான். பாப்பா தூங்கிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். லி ஷிச்சென் என்ற சீன வைத்தியர் 1578இல் எழுதி முடித்த மாபெரும் மருந்து நூலிலேயே பேரிக்காய் நுரையீரலுக்கு ஈரம் தரும் என்று இருக்கிறதாம். வெள்ளை நிறம் நுரையீரலுக்கு உரியது என்பது சீன வைத்தியக் கணக்கு. பேரிக்காய், வெள்ளைக் காளான், லில்லிக் கிழங்கு, முள்ளங்கி என்று வெள்ளையாகவே ஏன் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

போ போ, இதை மாமியார் உங்களுக்கு மலாயில் படித்துச் சொல்வார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே எங்கள் வீட்டு வழக்கத்தை மதித்தீர்கள். நாங்கள் கேட்கக் கூச்சப்படுவோம் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு என்ன கைம்மாறு செய்வது? உங்கள் முட்டிவலிக்கு இனி தோங் சாய் சீன வைத்தியசாலைக்குப் போகும்போது பஸ்ஸில் தனியாகப் போகக்கூடாது, நான் கூட வருவேன். 1867இல் தொடங்கியபோதே இனம் பார்க்காமல் இலவச வைத்தியம் பார்த்த இடம் அது என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, எனக்கும் பார்க்க ஆசை.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். நம் புளோக்கில் எந்த வீட்டில் பிள்ளை நோயில் விழுந்தாலும் என் கையால் ஏதாவது போகும். ரசமோ கஞ்சியோ, முதலில் அந்த வீட்டில் எது ஆகும் எது ஆகாது என்று தெரிந்துகொண்டு. மலாய் வீட்டுக்கு அனுப்பத் தனிப் பாத்திரம் ஒன்று நேற்றே வாங்கிவிட்டேன்.

நான்காம் மாடி அண்ணா, நீங்கள் இரவல் கொடுத்த நெபுலைசரைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா
தோ பாயோ, சிங்கப்பூர்